மூன்று நிமிட ஆயுசு

"மூணாவது மாடி போர்டைப் பாருங்க, பச்சைப்பசேல்னு இருக்கு. உங்க போர்டு? பதினேழு சிவப்பு!"

எல்லார் முன்னாலும் மேலாளர் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடி ஹெட் சிஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. நோயாளி கட்டிலோரப் பட்டனை அமுக்கினால் அந்த மாடியின் போர்டில் ஒரு சிவப்பு வரும். நர்ஸ் போய்ப் பார்த்தால்தான் பச்சையாகும்.

"சனிக்கிழமைக்குள்ள பச்சை ஆகணும். இல்லேன்னா பொறுப்பை வேற ஆள்கிட்ட விட்டுடுங்க."

இருபத்திரண்டு வருஷ சர்வீசுக்கு இந்த மரியாதை. சிஸ்டர் நேரே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரரிடம் போனார்.

"அங்கேயும் நாலு நர்ஸ், இங்கேயும் நாலு நர்ஸ். அவங்களுக்கு மட்டும் என்ன, சிறகா முளைச்சிருக்கு?"

கம்ப்யூட்டர்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சிஸ்டர், பட்டனை அமுக்கினதும் ஒரு மெசேஜ் வந்து வரிசையில நிக்கும். அதுக்கு ஒரு ஆயுசு உண்டு. உங்க மாடிக்கு ஒரு மணி நேரம். அங்க மூணே நிமிஷம். யாரும் போகலேன்னாலும் தானா அழிஞ்சிடும், போர்டும் பச்சையாயிடும்."

"அப்போ கூப்பிட்டவங்க?"

"மறுபடி அமுக்குவாங்க. அலுத்துப்போனா விட்டுடுவாங்க."

சிஸ்டர் அவருடைய கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த தன் மாடி போர்டை எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கும் மூணு நிமிஷம் போட்டுத் தரவா? காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்."

பொய் சொல்வானேன், சிஸ்டருக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரையில் புதிதாக ஒரு சிவப்பு. பதினோராம் கட்டில். தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத மனுஷன்.

"வேண்டாம் தம்பி. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?" சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

சனிக்கிழமையும் வந்தது. போர்டில் பதினாலு சிவப்பு. கனத்த மனசோடு சாவிக்கொத்தை ஒப்படைக்க மேலாளர் அறைக்குப் போனார் சிஸ்டர்.

மேலாளர் போனில் பதறிக்கொண்டிருந்தார். காலையில் அவர் மகளுக்குத் திடீரென்று ஆபரேஷன். இப்போதுதான் தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். வாசலில் சிஸ்டர் நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"என்னது, மூணாவது மாடியா? ஐயையோ, அங்க வேண்டாம்! என் பொண்ணை ரெண்டாவது மாடியில போடுங்க. அங்கதான் கூப்பிட்டா வருவாங்க!"