பேட்டரி பறிமுதல்

“எறங்கு கண்ணு. பேட்டரியைக் கழட்டு.”

சோதனைச் சாவடி வாசலில் நின்று ஏட்டு வேடியப்பன் கையை நீட்டினார். செம்மநத்தத்திலிருந்து மேடேறி வந்த சிவசக்தி, தன் பேட்டரி சைக்கிளை ஓரங்கட்டினாள். பள்ளிக்கூடச் சீருடை, தோளில் பை. வண்டியின் கைப்பிடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பெல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

எதிரே தள்ளுவண்டியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அத்தாயி பொருமினாள்.

“இதே பொழப்பாப் போச்சு இந்த ஏட்டுக்கு. தெனமும் காத்தால புடுங்கி வெச்சுக்கறாரு, சாயங்காலந்தான் குடுக்கறாரு. அதுவரைக்கும் புள்ள மிதிச்சே சாகுது. கேக்க ஒரு ஆளில்லை.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் விஜயகுமாரைப் பார்த்தார்கள். தலைச்சோலை ஊர்க்காரன். அவன் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள். அதனால் பேங்க்கில் பேசுவதிலிருந்து போலீசிடம் பேசுவது வரை எல்லாமே அவன் தலையில்தான் விழும்.

“நானுங்களா?” என்றான்.

“பின்ன, நானா டிகிரி வாங்கினேன்?” என்றாள் அத்தாயி.

பொய் சொன்னால் அவன் காது சிவந்துவிடும். போலீசைப் பார்த்தால் உண்மையைச் சொல்லும்போதே சிவக்கும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! செல்போனில் சட்டத்தைத் தேடி எடுத்து, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, ரோட்டைக் கடந்தான். மற்றவர்கள் டீ கிளாசோடு பின்னால் வந்தார்கள்.

“ஏனுங்க ஏட்டய்யா, எதுக்குங்க பேட்டரியை எடுக்கறீங்க?”

“புள்ளைக்குப் பதினஞ்சு வயசு. பதினாறு ஆனாத்தான் லைசென்ஸு. அதுவும் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்.”

“இது லைசென்ஸே வேண்டாத வண்டிங்க. மோட்டார் இருநூத்தம்பது வாட்டுக்குள்ள, வேகம் இருபத்தஞ்சுக்குள்ள. சட்டப்படி இது வெறும் சைக்கிளுங்க.”

“சாயங்காலம் எறக்கத்துல முப்பத்தஞ்சுல பறக்குது. நானே பாத்தேன்.”

“அது மோட்டார் இல்லீங்க. மலை.”

“அப்ப மலையை லைசென்ஸ் எடுக்கச் சொல்லு.”

கூட்டம் சிரித்தது. விஜயகுமார் சிரிக்கவில்லை. “மலை எதையும் ஓட்டலீங்களே, ஒரே எடத்துல நிக்குதுங்க” என்றான் பொறுப்பாக.

சிவசக்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்கண்ணா.”

“நீ பயப்படாத பாப்பா. நான் இருக்கறேன்.”

“பயமில்லீங்கண்ணா. நீங்க போங்கண்ணா.”

அவன் போகவில்லை. செல்போனை ஏட்டின் மூக்குக்கு நேரே நீட்டினான். வேடியப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். பெருமூச்சு விட்டார்.

“சரி சாமி, சட்டம் உன் பக்கம். இந்தா கண்ணு பேட்டரி. இனிமே தொட மாட்டேன்.”

கூட்டம் கைதட்டியது. “எங்க ஊரு வக்கீலு!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் டீயைக் குடித்து முடிக்கத் தள்ளுவண்டிக்குத் திரும்பிப் போனார்கள்.

சிவசக்தியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“எதுக்கு அழுவற? ஜெயிச்சுட்டமே.”

“யாருண்ணா உங்களை ஜெயிக்கச் சொன்னது?” என்று சீறினாள். “எங்க ஊட்டுல ஓல்டேஜே கெடையாது. சார்ஜ் போட்டா பல்பு அணைஞ்சு போவுது. மேடேறி வர்றதுக்குள்ள பேட்டரி காலி. ஏட்டய்யாதான் உள்ள கொண்டுபோயி சார்ஜ் போட்டுத் தர்றாரு. திங்கக்கெழமை பத்தாவது பரீட்சை. அந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. நான் எப்படி வர்றது?”

விஜயகுமார் ஏட்டின் பக்கம் திரும்பினான். “ஏனுங்க, சார்ஜ்தான் போடறேன்னு சொல்லியிருக்கலாமுங்களே?”

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். “எஸ்.ஐ. ஐயா நொம்பக் கண்டிப்பு. வெளியாளு செல்போனைக்கூட இங்க சொருகக் கூடாது. ஆனா பறிமுதல் பண்ணின சாமானை உள்ள வெக்கலாம். வெச்சா நல்ல நெலமையில பாதுகாக்கோணும். நான் சார்ஜ் போட்டுப் பாதுகாத்துட்டு இருந்தேன். இனி என்ன குத்தம்னு சொல்லிப் புடிப்பேன்? இத்தனை பேரு முன்னால சட்டம் பேசிட்டயே சாமி!”

விஜயகுமார் செல்போனைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான். பிறகு டயரில் காற்றிருக்கிறதா என்று பார்ப்பவனைப் போலக் குனிந்து, கைப்பிடிப் பக்கமாகக் கொஞ்ச நேரம் தடவினான். நிமிர்ந்தபோது காது இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

“ஏனுங்க ஏட்டய்யா!” ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினான். “இந்த வண்டியில பெல்லே இல்லீங்க! இத்தனை வளைவு இருக்கற மலையில பெல் இல்லாம வரலாமுங்களா? விடாதீங்க!”

ஏட்டு ஒரு நொடி விழித்தார். அடுத்த நொடி பேட்டரி அவர் கையில் இருந்தது.

“நல்ல வேளை சொன்ன சாமி! பெல்லு வெக்கற வரைக்கும் தெனமும் பறிமுதல்தான்!”

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாத பாடுபட்ட சிவசக்தி, வேகமாக மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

விஜயகுமார் திரும்பி வந்ததும் அத்தாயி டீ கிளாசை டொக்கென்று வைத்தாள்.

“படிச்ச புத்தியைக் காட்டிட்டயே! தப்பிச்ச புள்ளையை நீயே புடிச்சுக் குடுத்துட்டயே! ஒரு பெல்லு இல்லைன்னா உனக்கென்னடா கொறைஞ்சு போச்சு? அந்த ஏட்டே தேவலாம்!”

மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

விஜயகுமார் கிளாசை எடுத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தான்.

அவன் பேண்ட் பாக்கெட்டுக்குள் “ட்ரிங்” என்றது.