கம்பு பிடிக்க நாலு பேர்

மாண்ட்ரியலில் யூதக் கல்யாணங்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் ரெய்சலுக்கு, புதுப்புது யோசனைகள் சொல்வதில் தனிப் பெருமை. மணப்பெண் பெர்லாவோ எதற்கும் மசியவில்லை.

"மேடம், நீங்க ரெண்டு பேரும் நிக்கிற விதானத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு, முழுக்க ரோஜா சுத்திடலாமா?"

"வேண்டாம்மா. எங்க தாத்தா ஜெபத்துக்குப் போர்த்தின சால்வைதான் விதானம். நாலு கம்புல கட்டினாப் போதும். பிடிக்க நாலு பேரை நானே கூட்டிட்டு வரேன்."

ஒத்திகைக்கு வந்த நால்வரையும் பார்த்து ரெய்சல் அசந்துபோனாள். யாரும் சொல்லித் தராமலே ஆளுக்கொரு மூலையில் நின்று, சால்வை துளியும் தொய்யாமல் தூக்கிப் பிடித்தார்கள். அடியில் நின்ற மாப்பிள்ளை ஆஷரிடம் அத்தனை அக்கறையாகப் பேசினார்கள்.

"காலையில காபி குடிக்கிற வரைக்கும் அவகிட்ட எதுவும் கேட்டுடாதீங்க, மாப்பிள்ளை."

"வீட்டு ஹீட்டர்ல மட்டும் கை வச்சிடாதீங்க. அது அவ இலாகா!"

ரெய்சல் நெகிழ்ந்துபோனாள். "உங்க அண்ணன்க நாலு பேரும் உங்க மேல உயிரையே வச்சிருக்காங்களே, மேடம்!"

"அண்ணனா? எங்க வீட்டுக்கு நான் ஒரே பொண்ணு" என்று சிரித்தாள் பெர்லா. "இவங்க நாலு பேரும் இதே சால்வைக்கு அடியில என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க."

ரெய்சல் சட்டென்று ஆஷரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்பதுபோல் ஆஷர் புன்னகைத்தார்.

நால்வரில் மூத்தவர் கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவரிடம் சொன்னார்:

"எப்படிப் பிடிக்கிறேன்னு நல்லாப் பார்த்து வச்சுக்குங்க, மாப்பிள்ளை. எனக்குத் தோள்வலி தாங்கல. அடுத்த கல்யாணத்துக்கு நீங்கதான் பிடிக்கணும்."