முதல் பயனாளி

முள் எழுநூற்றைத் தொட்டது.

அவன் மிதியைத் தளர்த்தினான். கியரை ஒன்று இறக்கினான். இன்னும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினால் ஒதுங்க இடம் உண்டு.

பிக்கப்பின் பின்னால் டிரெய்லர். அதன் மேல் எரிவாயு உலை. உலையின் கதவில் ஒட்டிய படத்தில், கும்பிட்டபடி சிரிக்கும் அறக்கட்டளைத் தலைவர் ஞானசிகாமணி.

நடமாடும் மயானம். இன்றுதான் முதல் பயணம்.

காலையில் பொள்ளாச்சியில் கொடியசைக்கும்போது தலைவர் இந்த முள்ளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். டீசல் வண்டி பாரத்தை மேட்டில் இழுக்கும்போது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டை அது காட்டும். எழுநூறு டிகிரிக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் பிஸ்டன் உருகிவிடும். கைதட்டினார்கள். பிஸ்டனுக்கா, தலைவருக்கா, தெரியவில்லை.

மலையில் இறந்து கிடந்தவரை அவர் 'நமது முதல் பயனாளி' என்றார்.

அதற்கும் கைதட்டினார்கள்.

வளைவு தாண்டி வண்டியை ஒதுக்கினான். எஞ்சினை அணைக்கவில்லை. அந்தச் சூட்டோடு அணைத்தால் டர்போ கெட்டுவிடும். நின்ற இடத்தில் சும்மா ஓடவிட்டால் போதும். புகையின் சூடு முன்கோபம் மாதிரி. இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும்.

இறங்கியது. நானூறு. முந்நூறு.

புறப்படக் கியரில் கை வைத்தபோது கைபேசி அடித்தது.

இறந்தவரின் மனைவி. வழி சொல்வதற்காக இவன் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். டீ ஃபாக்டரி தாண்டி இடதுபக்கம், தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி என்றார் அந்தம்மா. சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை. போனில் மழைச் சத்தம் கேட்டது.

கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

நிறையப் பேர் என்றார். தலைவர் காரில் முன்னாலேயே வந்துவிட்டார். நாற்காலி போட்டாகிவிட்டது. போட்டோக்காரர் குடையோடு நிற்கிறார். மூன்று நாள் மழையில் விறகெல்லாம் ஊறிப்போனது தெய்வச் செயல் என்று தலைவர் மைக்கில் சொல்கிறார். பிள்ளையில்லாத வீடு. கொள்ளி வைக்க ஆளில்லை. அதனால் உலையின் பொத்தானைத் தாமே அழுத்துவதாகப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்கள் உள்ளே இருக்க வேண்டுமாம்.

அந்தம்மாவின் குரல் தாழ்ந்தது.

"நாப்பது வருசமா அந்த மனுசனுக்கு அடுப்புப் பத்த வெச்சது நான்தானுங்க."

அவன் முள்ளைப் பார்த்தான்.

"மெதுவா வாங்க தம்பி."

வைத்துவிட்டார்.

முள் நூற்றைம்பதில் கிடந்தது.

அவன் கியரிலிருந்து கையை எடுத்தான்.

தேயிலைச் சரிவை மேகம் மூடியது. திறந்தது. ஒரு குரங்கு உலையின் மேல் ஏறி, தலைவரைக் குனிந்து பார்த்தது. தின்ன ஒன்றும் தேறாது என்று தெரிந்து இறங்கிப் போனது.

தலைவர் அழைத்தார். சூடு இறங்கவில்லை என்றான். மறுபடி அழைத்தார். உருகினால் உருகட்டும், ஏற்று என்றார்.

"எழுநூறுக்கு மேல இழுக்கவே கூடாதுன்னு நீங்கதானுங்கய்யா மேடையில சொன்னீங்க."

தலைவர் போனை வைத்துவிட்டார். சொந்தப் பேச்சை மறுத்துப் பேசி அவருக்கும் வழக்கமில்லை.

கீழே மரக்கன்று நடும் விழா ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. பிணம் பொறுத்துக்கொள்ளும். மரக்கன்றைச் சுற்றி நிற்பவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

மேலே ஹாரன் கேட்டதும் அவன் இறங்கிப் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். கீழே இறங்கி வந்த தலைவரின் கார் பக்கத்தில் நின்றது. கண்ணாடி மூக்கு தெரியும் அளவுக்கு இறங்கியது.

"அடுத்த பயனாளிக்காவது நேரத்துக்குப் போய்ச் சேருப்பா."

பின்னாலேயே போட்டோக்காரரின் பைக் போனது. அதன் பின்னால் மைக் செட்.

பானெட்டை மூடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காலி நாற்காலிகள் நனைந்துகொண்டிருந்தன. போட்டோ இல்லையென்றதும் கூட்டமும் கரைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் உடலைத் தூக்கி உலைக்குள் தள்ளிக் கொடுத்தார்கள். கதவைச் சாத்தினான். பொத்தானை அழுத்துவது யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தம்மா வெளியே வந்தார்.

பெண்கள் மயானத்துக்குப் போகக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். மயானம் வாசலுக்கு வந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லி வைக்கவில்லை. நால்வரில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை.

அவன் பச்சைப் பொத்தானைக் காட்டினான்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அழுத்தினார்.

குப்பென்று பற்றியது.

நால்வரும் தலைமுழுகப் போனார்கள். கதவுச் சூட்டில் தலைவரின் சிரிப்பு ஓரத்திலிருந்து சுருள ஆரம்பித்தது. அதைப் போட்டோ எடுக்க யாரும் இல்லை.

எவ்வளவு நேரமாகும் என்று அந்தம்மா கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றான்.

வண்டிக்குள் போய் இருக்கலாம் என்று திரும்பினான். பின்னால் பிளாஸ்டிக் இழுபடும் சத்தம். அந்தம்மா ஒரு நாற்காலியைத் துடைத்து உலையைப் பார்த்துப் போட்டார். இன்னொன்றைத் துடைத்து அதன் பக்கத்தில் போட்டார்.

இரண்டாவது யாருக்கென்று அவன் சுற்றிப் பார்த்தான்.

"உக்காருங்க தம்பி. தனியா உக்காந்து எனக்குப் பழக்கமில்ல."

அவனுக்குப் பழக்கம் இருந்தது.

அதைச் சொல்லாமல் உட்கார்ந்தான்.