சமையலறைப் பக்கத்து விளக்கு

ஏணியை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேலே எலக்ட்ரீஷியன் மயில்சாமி. சன்ஷேட்டுக்கு அடியில் அடித்திருந்த பிளாஸ்டிக் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைத் தூள் அவள் தலையில் உதிர்ந்தது.

வீட்டைச் சுற்றி எட்டு டவுன்லைட். ஏழு முடிந்துவிட்டது.

எட்டாவது இது. சமையலறைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஓடும் சந்து.

இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது இந்தச் சந்தின் இருட்டு ஒன்றுதான். அதற்கும் இன்று வேட்டு வைத்தாயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மகள் வருவாள்.

பின்பக்கத் தகரக் கதவைத் தூக்கித்தான் திறப்பாள். தள்ளினால் சத்தம் கேட்கும். இடுப்பில் குழந்தை. பேச்சுகூடப் பெரிதாக இருக்காது. குழந்தை கை மாறும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கை மாறும்.

அந்தக் குழந்தையை அவள் இதுவரை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. மூக்கு யாருடையது என்று விரலால் தடவித்தான் முடிவு கட்டியிருந்தாள்.

அவருடைய மூக்கு. சப்பை மூக்கு.

அவர் அப்போது முன்வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மறுநாள், உறவுமுறை மொத்தமும் கூடியிருந்த இடத்தில், “எனக்குப் புள்ளையே பொறக்கல” என்று சொன்ன மனுஷன். சொன்ன சொல்லை மாற்றினால் மீசை உதிர்ந்துவிடும் அவருக்கு. அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

சிந்துஜா.

மனசுக்குள் சொல்லிக்கொண்டால் யாருக்குக் கேட்கப் போகிறது?

போன வாரம் திடீரென்று ஆரம்பித்தார். “ஊட்டச் சுத்தி லைட்டு போட்டரலாம். பக்கத்து வீதில திருடன் வந்தானாமா.”

பின்னால் எதற்கு, அங்கே யார் போகிறார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். “ஏன், பின்னால மட்டும் வேண்டாங்கற?”

அவ்வளவுதான். திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மென்று விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் என்ன கலர் வேண்டும் என்று கேட்டார். மஞ்சள் என்றாள். மஞ்சள் கொஞ்சம் மங்கலாக இருக்கும். வெள்ளைதான் பளிச்சென்று எரியும் என்று அவரே முடித்தும் விட்டார். பிறகு எதற்குக் கேட்டாரோ. மயில்சாமியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் வாங்கியும் வந்துவிட்டார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஒரே போன். அது அவர் சட்டைப் பையில். இன்றைக்கு வராதே என்று மகளுக்குச் சொல்ல வழியில்லை. வருவாள். தலைக்கு மேல் வெள்ளை வெளேரென்று எரியும். அவர் எழுந்து வருவார். அதற்குப் பிறகு நடப்பதை அவளால் நினைக்க முடியவில்லை.

ஏணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. மேலே இருப்பவன் விழுந்துவிடுவான். அவன் என்ன பாவம் செய்தான்?

“இத நாளைக்கு வெச்சுக்கலாமா, மயிலு? பொழுது போயிருச்சே.”

“அட, மாட்டுனா முடிஞ்சுதுங்க்கா.”

கடைசி டப்பாவைப் பிரித்தான். மாட்டினான். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, “சமையக்கட்டுக்கு வாங்க்கா, சுவிட்சக் காட்டிப் போடறேன்” என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. எல்லா விளக்குக்கும் சுவிட்ச் முன்வாசலில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

அடுப்பு மேடைக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது. காலையில் அவன் அங்கே சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸிக்காக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

“மத்த ஏழுக்கும் முன்னால ஒரே சுவிட்சுங்க. இது மட்டும் தனி. போடறதும் அமத்தறதும் உங்க இஷ்டம். அண்ணன்தான் இப்படி வெக்கச் சொன்னாரு. லைட்டும் இது ஒண்ணு மட்டும் மஞ்சளுங்க, சின்ன வாட்ஸ். கொழந்த கண்ணு கூசக்கூடாதுன்னு கடைல ஒவ்வொண்ணாப் போட்டுப் போட்டுப் பாத்தாரு.”

ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டான்.

“ஏனுங்க்கா, ஊட்ல கைக்கொழந்த இருக்குதுங்களா?”

அவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை நாளாகத் தெரியும் இந்த மனுஷனுக்கு?

கோபம்தான் முதலில் வந்தது. சொந்தப் பேத்தியைத் தூக்க இத்தனை நாள் திருடியைப்போலப் பதுங்க வைத்தாரே என்ற கோபம். அழுகை அதன் பின்னாலேயே வந்தது.

சமையலறையிலிருந்து பார்த்தால் முன்வாசல் தெரியும். நாற்காலி. அவர் முதுகு. விரித்த பேப்பர். இந்தப் பக்கம் எழுந்து வரமாட்டார். கூட்டத்தில் சொன்ன ஒரு சொல் அந்த மனுஷனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது. அவளுக்காவது ஒரு சந்து இருந்தது.

“இருக்குது” என்றாள்.

பக்கத்தில் நிற்கிற மயில்சாமிக்கு அத்தனை சத்தம் வேண்டியதில்லை.

“பொட்டப் புள்ள. ஆறு மாசம் முடிஞ்சுது. கீழ ரெண்டு பல்லு எட்டிப் பாக்குது. ஆரு கைய நீட்டுனாலும் தாவிரும்.”

பேப்பர் அசையவில்லை.

மயில்சாமி பையைத் தோளில் மாட்டினான். அவன் வாசலைத் தாண்டும்போதுதான் அங்கிருந்து குரல் வந்தது.

“மயிலு, அந்த லைட்டுக்குப் பூச்சி வருமா?”

“மஞ்சளுக்கு அத்தனை வராதுங்கண்ணா.”

“அத்தனைன்னா? ஒண்ணு ரெண்டு வந்தாலும் கடிச்சு வெச்சுருமல்லோ. அதுக்கென்ன பண்றதுன்னு நாளைக்கு வந்து பாத்துப்போடு.”