பூரட்டாதி

"பெட்டைகளை ஏறெடுத்தும் பாராத பிள்ளை" என்று இருபத்தாறு வருடமாக ஊரெல்லாம் பெருமை பேசிய சிவபாதத்தார், அதே பிள்ளையை அதே காரணத்துக்காக நாரந்தனைக்குப் பேயோட்டக் கூட்டி வந்திருந்தார்.

நிரோஜன் செய்த குற்றம் ஒன்றுதான். கலியாணப் பேச்சு எடுத்தபோது உண்மையைச் சொன்னான்.

"எனக்குப் பொம்பிளை பாக்க வேண்டாம் அப்பா. எனக்கு ஒருத்தர் இருக்கிறார். அவரும் ஆம்பிளைதான்."

"பேரைச் சொல்லிப்போடாதை! என்ர காதிலை விழக்கூடாது!"

சிவபாதத்தார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆவணியில் கலியாணம், அதற்குள் வைத்தியம் என்று முடிவாயிற்று.

சாத்திரமும் சொல்லிப் பேயும் ஓட்டுகிற ஆழ்வாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது அம்மா கேதீஸ்வரிதான். நேற்றே தனியாக வந்து, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மாவுமா என்று நிரோஜன் அவளோடு கதைப்பதையே விட்டுவிட்டான்.

ஆழ்வாப்பிள்ளை பிரம்பை எடுத்தார். நிரோஜன் பின்னுக்கு நகர்ந்தான். அவரோ பிரம்பால் நிலத்தில் ஒரு கோடு கீறிவிட்டுக் கண்ணை மூடினார்.

"அடிச்சுத் துரத்த ஏலாத சாமான் இது. பெடியன் கடல் தாண்டிப் போய் இருக்கவேணும். பூரட்டாதியிலை பிறந்த, கலியாணம் கட்டாத ஆம்பிளை ஒருத்தர் பக்கத்திலேயே இருந்து பாக்கவேணும்."

"எவ்வளவு நாளைக்கு ஐயா?"

"வருத்தம் மாறும் வரைக்கும்."

"ஆவணியிலை கலியாணம்..."

"அதை விடும். உயிர் முக்கியமோ, கலியாணம் முக்கியமோ?"

"இப்ப பூரட்டாதிக்கு நான் எங்கை போறது?"

"இஞ்சாருங்கோ," என்றாள் கேதீஸ்வரி. "நெடுந்தீவிலை படிப்பிக்கிற எங்கடை கோபிசங்கர் பூரட்டாதிதானே."

நிரோஜனுக்குப் புரையேறியது.

"தங்கமான பெடியன்!" சிவபாதத்தாரின் முகம் மலர்ந்தது. "அவனோடை இருந்தாலாவது இவனுக்குப் புத்தி வரும். நானே கேக்கிறன்."

அன்று காதைப் பொத்தித் தடுத்த பேரை இன்று ஃபோனில் தானே தேடியபடி, சிக்னல் பிடிக்க முற்றத்துக்கு ஓடினார்.

"அம்மா... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கடை வீட்டிலை சாப்பிடேக்கை நீ அவனுக்கு மீன் முள்ளெடுத்துக் குடுத்தனீ. எனக்குக் கண் இருக்கடா."

சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நேற்று இந்த ஐயாவிட்டை நான் வந்தது உங்கள் ரெண்டு பேருக்கும் பொருத்தம் பாக்க. பத்துக்கு ஏழு."