எட்டாம் பதிப்பின் அட்டை

இருபது நாள் முந்திப் பிறந்த குழந்தையோடு ரெஜினா உச்சி வெயிலில் சொந்த வீட்டு வாசலிலேயே நின்றாள். யார் யார் எப்போது உள்ளே இருக்கலாம் என்று வகுக்கும் கட்டமைப்பு வரைபடம் முதலில் கம்பெனிகளுக்கென்று வந்தது; அது வீடுகளுக்கும் கட்டாயமான பிறகு, அதில் இல்லாத ஆள் உடன் இருந்தால் தானியங்கிக் கதவு திறப்பதில்லை.

வரைபட நிபுணர் நீலமேகம் வரைபட விதிக் கையேட்டின் தடித்த எட்டாம் பதிப்போடு வந்தார். அதை அவர் புரட்டிய பவிசைப் பார்த்து ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாப்பா எதிர்கால வரைபடத்துல இருக்காங்க மேடம். நிகழ்காலத்துக்கு அடுத்த மாசம்தான் வருவாங்க. நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க.”

“அதுவரைக்கும் வெயில்லயா?”

“ஒழுங்குதான் மேடம் இந்த முறையோட பலமே.”

ரெஜினா புத்தகத்தைப் பிடுங்கி, அட்டையைக் கிழித்தெடுத்து, வியர்த்துக் கிடந்த குழந்தைக்கு விசிறினாள்.

“எட்டுப் பதிப்பு போட்டீங்களே சார், உருப்படியானது இந்த அட்டை ஒண்ணுதான்.”