சிவகணேஷ் ஏற்றிய செய்தி

"கல்யாணத்துக்கு வராதவங்களுக்கு ஆல்பம் கிடையாது. அப்படித்தானலே மாப்ள?" என்று ரிச்சர்ட் ஆல்பத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

புது மாப்பிள்ளை சிவகணேஷ் லேசாகச் சிரித்தான். ஃபர்ஹத் சிரிக்கவில்லை. அவள் கண் ஆவுடைநாயகத்தின் கணினித் திரையில் இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை. நெல்லைச் செய்திகளை மட்டும் போடும் இணையதளம். முதலாளி ஆவுடைநாயகம், எல்லோருக்கும் அண்ணாச்சி. விளம்பரத்துக்கு ரிச்சர்ட். செய்திக்கு சிவகணேஷ், ஃபர்ஹத்.

அடுத்த மாதத்திலிருந்து செய்திக்கு ஒருவர் போதும்.

அந்த ஒருவர் யார் என்று சொல்லத்தான் அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார்.

செய்திகளை ஏற்றும் மென்பொருளுக்குள்ளேயே ஓர் அறிக்கைப் பக்கம் உண்டு. யார் எந்தச் செய்தியை எப்போது வெளியிட்டார், அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று அதுவே கணக்கெடுத்து வைத்திருக்கும். ஆரம்பத்திலிருந்தே அங்கே கிடந்த அந்தப் பக்கத்தை அண்ணாச்சி நேற்றுதான் கண்டுபிடித்தார். புது வண்டி வாங்கியவரைப் போலக் காலையிலிருந்து அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் மனவருத்தம் வேண்டாம். மெஷின் சொல்லுது, நான் வாசிக்கேன்."

சிவகணேஷ் பெயருக்கு நேரே ஒரு பச்சைத் தூண் திரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபர்ஹத் பெயருக்கு நேரே ஒரு கீற்று. கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும்.

"ஏம்மா, பத்து மாசமா என்னதான் செஞ்ச?"

அண்ணாச்சி கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"அதுல பாதிக்கு மேல நான் ஏத்துனது அண்ணாச்சி. என் கணக்குல எழுதி வைக்கத்தான் முடியும், வெளியிட முடியாது. சிவகணேஷ் கணக்குல போயி ஏத்தச் சொன்னதே நீங்கதான்."

"நான் சொன்னேனா?"

சொன்னார். அவள் சேர்ந்த முதல் வாரத்தில். கணக்கு யார் பேர்ல இருந்தா என்னம்மா, ஆத்துல தண்ணி வந்தா ஊருக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

அவருக்கு நினைவில்லை. சிவகணேஷைப் பார்த்தார்.

சிவகணேஷ் தன் புது மோதிரத்தைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி அவளிடம் கொடுத்தவனே அவன்தான். ஆனால் கல்யாணமாகி மூன்று மாதத்தில் மாமனார் வீட்டுக்குப் போய், வேலை போய்விட்டது என்று சொல்ல அவனால் ஆகாது.

"ரெண்டு பேரும் சேர்ந்து பாத்த வேலைதான் அண்ணாச்சி. எது யாரு ஏத்துனதுன்னு இப்ப எப்படிச் சொல்ல?" என்றான் மோதிரத்திடம்.



மேலப்பாளையத்தில் ஃபர்ஹத்தின் வாப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார். வேலையில் இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வாப்பா சொன்ன சொல் மாறாதவர். வேலை போன மறுநாளே பேச்சை எடுப்பார்.

அழுதுகொண்டு இந்தப் படியில் இறங்குவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

"சரி, மத்தத விடு. இதுல யாரும் பங்கு கேக்க முடியாது." அண்ணாச்சி விரலால் திரையைத் தட்டினார். "இதுவரைக்கும் நம்மகிட்ட ஊரு அதிகமாப் படிச்ச செய்தி. பாபநாசம் அணை திறக்காங்க, கரையோரத்துல உள்ளவங்க மேட்டுக்குப் போயிருங்கன்னு போட்டோம்லா, அது. ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் பாத்திருக்காங்க. ஏத்துனது சிவகணேஷ். பேரு தெளிவா இருக்கு."

சிவகணேஷ் சட்டென்று நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"தேதியும் நேரமும் வாசிங்க அண்ணாச்சி," என்றாள் ஃபர்ஹத்.

"அது எதுக்கும்மா?"

"மெஷின் சொல்லுததுதானே. வாசிங்க."

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நவம்பர் இருபத்தேழு. காலை ஒன்பதே முக்கால்."

அவள் எழுந்து போய் ரிச்சர்டின் மடியிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை.

பக்கங்களைப் புரட்டினாள். ஒரு படத்தில் நிறுத்தினாள். கணினியை ஒட்டி, அண்ணாச்சியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

மணமேடை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பியிருக்கிறது. முன்வரிசையில் அண்ணாச்சி, அட்சதை தூவக் கையை ஓங்கியபடி. அவருக்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக ரிச்சர்ட். அலுவலகமே அந்தப் படத்தில் இருந்தது, போன் வந்தால் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி விட்டுவிட்டுப் போனவளைத் தவிர.

அதே நவம்பர் இருபத்தேழு, முகூர்த்தம் காலை ஒன்பதரையிலிருந்து பத்துக்குள். தவறிவிடக் கூடாது என்று அன்றைக்கு மழையில் காரை விரட்டிக்கொண்டு போனவர் அண்ணாச்சிதான்.

அவர் படத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

படத்தின் நடுவில், மணப்பெண்ணின் கழுத்தருகே குனிந்து முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான் சிவகணேஷ்.

ஃபர்ஹத் குரலை உயர்த்தவில்லை.

"தாலி கட்ட ரெண்டு கையும் வேணும்லா அண்ணாச்சி?"